பனி என்று போட்டுவிட்டார்கள்

ஜெயம்மாள் வைத்த நெருப்பு இன்றுவரை அடுத்தவன் வரப்பைத் தாண்டியதில்லை. வடக்கனந்தல் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள். அவளிடமே கேட்டால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். "எந்நெருப்பால ஒரு உசுருக்கு, ஒரு செடிக்கு சேதம்னு யாரையாவது வந்து சொல்லச் சொல்லு பாப்போம்!" சொல்லிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். யாரும் வரமாட்டார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத பெண்ணுக்கு அந்தப் பேச்சுதான் சொத்து. அதற்கு ஒரு குறை வருவதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

அவள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கரும்பை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த இலை கிடக்கும். சோகை என்பார்கள். அதைக் கொளுத்திவிட்டால்தான் வெட்டின அடிக்கட்டை நன்றாகத் துளிர்க்கும், அடுத்த கரும்பு வரும் என்பது இங்கே எல்லோருடைய எண்ணமும். வேளாண்மை ஆபீஸ்காரர்கள் வந்து, கொளுத்தாதீர்கள், மட்க விடுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நோட்டீஸிலேயே நெருப்பைப் பற்றவைத்த மகராசர்களும் உண்டு.

கொளுத்துவது என்றால் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவது இல்லை. பக்கத்து வயலில் முற்றின கரும்பு நிற்கும். ஒரு பொறி பறந்தால் போதும். ஒரு வருஷம் ஒருத்தன் வீறாப்பாகத் தானே கொளுத்தப் போனான். அவன் வைத்த நெருப்பு பக்கத்துக் கரும்பைத் தின்று, களத்தில் போட்டிருந்த மக்காச்சோளத் தட்டையைத் தின்று, கடைசியில் கட்டிக் கிடந்த பசுமாட்டையும் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போவதில்லை. அதற்கப்புறம்தான் எல்லோரும் ஜெயம்மாளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கரும்பு வெட்டும் கும்பலில் அலைந்தவள் அவள். புருஷன் இளவரசன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன். பொங்கலுக்கும் ஆடிக்கும் வருவான், மீதி நாளில் போனில் இருப்பான். வெட்டின வயலிலேயே நின்று நின்று, நெருப்பு எப்படிப் போகும், எங்கே திரும்பும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வயலைச் சுற்றி ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குச் சோகையை இழுத்து உள்ளே தள்ளுவாள். வரப்பில் தண்ணீர் தெளிப்பாள். மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, அதிலிருந்துதான் முதல் சோகையைப் பற்றவைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பனி ஈரம் காய்வதற்குள் கொளுத்திவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நெருப்புக்குக் கால் முளைத்துவிடும். ஈரத்தோடு எரிந்தால் தவழ்ந்துதான் போகும். இதை அவள் சொல்லாத ஆள் கிடையாது.

தப்பு அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் நெருப்பைப் பார்த்தாள். புகையைப் பார்த்ததே இல்லை. புகை அது பாட்டுக்குப் போகும், அதற்கு இவ்வளவு பெரிய வானம் கிடக்கிறது என்று இருந்துவிட்டாள். அவள் மட்டுமா இருந்தாள்? ஊரே அப்படித்தான் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் மூக்கில் எது ஏறினாலும் அதற்குப் பனி என்றுதான் பெயர். மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியில் அரிசி ஆலைச் சாம்பல் கறுப்புக் கறுப்பாக விழுந்திருக்கும். பனிக்காலம் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். மக்காச்சோளம் அடிக்கிற தூசும் பனி. போகிக்குக் கொளுத்தின டயரும் பனி. கல்வராயன் மலை மேற்கே சுவராக நிற்கிறது. விடியற்காலையில் குளிர் அங்கிருந்து இறங்கி வந்து எல்லாப் புகையையும் தரையோடு அமுக்கி வைத்துவிடும். அந்த நேரத்தில்தான் சனங்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து சுற்றுப்பட்டு ஊர் ஆளெல்லாம் காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போகிறது, டவுன்காரர்களில் பாதிப் பேர் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் எதிரே வருகிறார்கள். டவுன் பஸ், பள்ளிக்கூட வேன், பால் வண்டி, ஸ்கூட்டி எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே போகும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பவர்களும் டாக்டரிடம் பனி ஒத்துக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.

ஜெயம்மாளின் ஒரே மகள் கோகிலவாணியும் அப்படிப் போகிற ஆள்தான். கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. நீல நிற ஸ்கூட்டியில் போய் வருவாள். தை பிறப்பதற்கு முன்பே அவளுக்கு இருமல் பிடித்துவிடும்.

"யம்மா, காலையில ரோட்டுல ஒண்ணுமே தெரியல. லைட்டு போட்டுக்கினுதான் போறேன். கண்ணு எரியுது, தொண்ட காறுது" என்பாள்.

"இந்த வருசம் பனி ஜாஸ்தி. காதுல பஞ்சு வச்சுக்கினு போ."

"பனியில இன்னா கண்ணு எரியுமா? பனிக்கு வாசன உண்டா?"

"உண்டோ இல்லையோ, கஷாயம் வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

மகள் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் போவாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போகிக்குச் சில நாள் இருக்கும்போது செல்லமுத்து வந்து கூப்பிட்டார். ரோட்டை ஒட்டியே நீளமாகக் கிடக்கிற கரும்புக் கொல்லை அவருடையது. ஒரு பக்கம் தார் ரோடு, மறுபக்கம் இன்னொருவரின் முற்றின கரும்பு.

"பொங்கலுக்குள்ள கட்டைக்குத் தண்ணி கட்டணும் ஜெயம்மா. பக்கத்துக் கரும்பு நாளைக்கோ மறுநாளோ வெட்டு. ஒரு பொறி பட்டுதுன்னா நான் ஊர வுட்டே ஓட வேண்டியதுதான்."

"கவலயே படாதீங்கண்ணே. விடியக்காலம் ஈரத்துலயே வச்சுடலாம். கரும்புப் பக்கம் நான் நிக்கறேன், ரோட்டுப் பக்கம் தள்ளிக்கினு போயிடலாம்."

ரோட்டுப் பக்கம் எரிகிறதுக்கு என்ன இருக்கிறது? தார்தானே. அவள் கணக்கில் அதைவிடப் பத்திரமான பக்கம் கிடையாது.

மறுநாள் விடிய ஆரம்பிக்கும்போது ஜெயம்மாளும் பக்கத்து வீட்டு ஆயம்மாளும் கொல்லையில் இறங்கினார்கள். எப்போதும் ஜெயம்மாளோடு வந்து, நனைத்த சாக்கை வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவள் ஆயம்மாள். கால் வைத்த இடமெல்லாம் சோகை சொதசொதவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஜெயம்மாளுக்குச் சந்தோஷம்தான். மலையைக் கும்பிட்டாள், கற்பூரத்தை ஏற்றினாள், கரும்புப் பக்க ஓரத்தில் வைத்தாள்.

நெருப்பு அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. சடசடப்புக்கூட அதிகம் இல்லை. முற்றின கரும்பின் ஒரு தோகை நுனிகூடக் கருகவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த செல்லமுத்து அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். ஜெயம்மாளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஈரச் சோகை எரிந்தால் புகை வெள்ளையாக, கெட்டியாக வரும். அது குளிரில் மேலே ஏறாமல், அவள் நெருப்பைத் தள்ளிய திசைக்கே தவழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அவள் முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

ஆயம்மாள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். "உம்பொண்ணு இன்னிக்கு இன்னா சீக்கிரமே கெளம்பிக்கினு இருந்தா? நான் வரும்போது வண்டியத் தொடச்சிக்கினு இருந்தாளே. இன்னிக்கு அவதான் லேபத் தொறக்கணுமாம்."

"அப்படியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றபடி ஜெயம்மாள் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ரோட்டைக் காணோம்.

ரோடு மட்டுமல்ல. அதை ஒட்டி நிற்கும் புளியமரம் இல்லை, கரண்டுக் கம்பம் இல்லை, அந்தண்டைப் பக்கம் இருக்கும் டீக்கடை இல்லை. வரப்புக்கு அப்பால் வெறும் வெள்ளை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய். பார்த்திருப்பாள். அதற்குள்ளே தன் மகள் வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏ ஆயம்மா, அந்தச் சாக்கக் குடு" என்று சொன்னாளே தவிர, சாக்கை வாங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. நெருப்பென்றால் அடித்து அணைக்கலாம். கிளம்பிப் போன புகையை என்ன செய்ய முடியும்? அவள் கை சாக்கோடு அப்படியே நின்றுபோனது.

அப்போது ரோட்டில் ஒரு லாரி ஹாரன் விடாமல் அடித்தது. டயர் கிறீச்சிட்டது. இரும்போடு இரும்பு மோதியது. பிறகு என்னவோ தார் மேல் தரதரவென்று இழுபட்டுப் போகிற சத்தம். ஒரு நொடி எல்லாம் அடங்கியது. அடுத்து இன்னொரு மோதல், சின்னதாக. அதோடு ஒரு பெண் கத்தினாள்.

ஜெயம்மாள் ஓடினாள். எரிந்து முடிந்த இடத்தின் மேலேயே ஓடினாள், கால் சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. "வாணீ! ஏ வாணீ!" என்று கத்தத் திறந்த வாயில் புகை போய் அடைத்தது. தன் கையைத் தனக்குத் தெரியவில்லை. கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று, வழி தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டிருந்தது. பின்னால் வந்த லாரி அதன் டிரெய்லரில் இடித்திருந்தது. ரோடு பூராவும் கரும்பு. பால்காரர் ஒருவர் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேன் உருண்டு கிடந்தது. அதைத் தாண்டியதும் ஒரு ஸ்கூட்டியின் பின்பக்கம் தெரிந்தது.

நீலம்.

டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். சுடிதார், பின்னல், தோளில் மாட்டின பை. ஒரு கால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. ஜெயம்மாள் மண்டியிட்டு, அவள் தோளைப் பிடித்து, முகத்தைத் திருப்பினாள்.

வேறு யாரோ.

"அப்பாடா! எம்பொண்ணு இல்ல" என்றாள் ஜெயம்மாள்.

வாய்விட்டுத்தான் சொன்னாள், நன்றாகக் கேட்கும்படி. கீழே கிடந்த பெண் கண்ணைத் திறந்தாள். நினைவோடு இருந்தாள் அவள். ஜெயம்மாளையே பார்த்தாள். பேச்சு வரவில்லை, கையை மட்டும் நீட்டி ஜெயம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் பிடித்த முந்தானையை உருவிக்கொண்டு ஜெயம்மாள் எழுந்து ஓடினாள்.

இதைக் கேட்டதும் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவள் மகள் இன்னும் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தாள். வாணீ, வாணீ என்று கத்திக்கொண்டு அவள் போன போக்கில், புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து டீக்கடையின் விளக்கு தெரிந்தது. கோகிலவாணி அங்கே ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, துப்பட்டாவை மூக்கில் அமுக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"கண்ணே தெரியலம்மா. பயந்துபோய் நின்னுட்டேன். நீ எங்கேந்து வர? அங்க இன்னா சத்தம்?"

ஜெயம்மாள் மகளின் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. சத்தம் வந்த பக்கம் ஓடியது கோகிலவாணிதான். நாலு பேரைச் சேர்த்து டிரெய்லரைத் தள்ளச் சொல்லி, அந்தப் பெண்ணைத் தூக்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவள்தான். ஆட்டோ தன்னைத் தாண்டிப் போவதை ஜெயம்மாள் பார்த்தாள். உள்ளே இருந்து ஒரு கை வெளியே தொங்கியது. இவள் முந்தானையைப் பிடித்த கை.

சாயங்காலம் கோகிலவாணி உடம்பெல்லாம் ரத்தக்கறையோடு வீட்டுக்கு வந்தாள். ருக்ஷானா என்று பெயராம். கள்ளக்குறிச்சி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சாதுல்லா பாயின் மகள். வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். தினமும் எதிர்ப் பக்கம் வருகிறவள்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வலது பாதத்த எடுத்துட்டாங்கம்மா" என்றாள்.

ஜெயம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

கோகிலவாணி துணியை ஊறவைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "செல்லமுத்து மாமா கொல்லையா?"

"ஆமா."

வீட்டில் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த நாள் செல்லமுத்து பேப்பரோடு வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. வாசலிலேயே நின்று, தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பனின்னு போட்டுட்டான் ஜெயம்மா. இதோ பாரு, கடும் பனிமூட்டம், வாகனங்கள் மோதல்னு. விசாரிக்க வந்தவங்களும் பனின்னுதான் எழுதிக்கினு போனாங்களாம். எனக்கு நேத்துலேந்து கண்ணு மூடல. நீ ஒண்ணும் சொல்லிடாத, நானும் சொல்லல."

"பனின்னா போட்டிருக்கான்?"

"ஆமாங்கறேன். டீக்கடையிலயும் அதான் பேச்சு. இந்த வருசம் பனி ரொம்ப மோசம்னு பேசிக்கினு இருக்கானுங்க." அவர் போகத் திரும்பியவர், மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் போல நின்றார். "எந்தம்பி கொல்லையும் கொளுத்தாம கெடக்குது. பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாம்."

ஜெயம்மாளுக்கு மூச்சு வந்தது. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்ணின் பாதம் போய்விட்டது, இவளுக்கு மூச்சு வருகிறது. பேப்பரில் பனி என்று போட்டுவிட்டார்கள், அதனால் இவள் வைத்த நெருப்பு இன்னும் யாருக்கும் சேதம் பண்ணாத நெருப்புதான். ஊரில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இனிமேலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம். சீ, என்ன மனுஷி நாம் என்று அவளுக்கே தன் மேல் அருவருப்பாக வந்தது. ஆனாலும் அந்த மூச்சு வரத்தான் செய்தது.

"அந்தப் பொண்ணப் போய்ப் பாத்துட்டு வரலாம், வா" என்று கோகிலவாணி கூப்பிட்டபோது முதலில் தலைவலி என்றாள். அடுத்த தரம் கால் கொப்புளம் என்றாள். அது பொய் இல்லை, கொப்புளம் இருந்தது. மூன்றாவது தரம் மகள் ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜெயம்மாள் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் ஜெயம்மாள் புகையைப் பார்த்தாள். இதற்கு முன்பு கண்ணில் படாதது இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது. தூரத்தில் யாரோ ஒரு கொல்லையில் சோகை கொளுத்தியிருந்தார்கள். பேரூராட்சிக் குப்பை புகைந்தது. அரிசி ஆலைக் குழாயிலிருந்து வந்தது நேராக ஏறி, கொஞ்ச உயரத்தில் படுத்துக்கொண்டது. அதற்குக் கீழே ஊர் மொத்தமும் இருந்தது. இதற்குள்ளேதான் இத்தனை நாளும் மகளைக் கஷாயம் கொடுத்து அனுப்பினேனா என்று நினைத்தபோது, ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ருக்ஷானா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் கால் முடியும் இடத்துக்கு முன்னாலேயே தட்டையாகக் கிடந்தது. ஜெயம்மாள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் சாதுல்லா பாய் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கோகிலவாணியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாம்மா, வா. இது யாரு, அம்மாவா? வாங்கம்மா, உக்காருங்க. ஒங்க பொண்ணு மட்டும் இல்லன்னா எம்புள்ள ரோட்டுலயே போயிருக்கும். பெத்தா இப்படிப் பெக்கணும்." அவருக்குக் கண் கலங்கியது. இன்னொரு டம்ளரை எடுத்துத் துடைத்து, ஜெயம்மாளுக்கு என்று டீ ஊற்றி, மேசையின் ஓரத்தில் வைத்தார்.

ருக்ஷானா ஜெயம்மாளையே உற்றுப் பார்த்தாள். "அத்தா, இவங்கதான். நான் சொன்னேனே, மொதல்ல ஓடியாந்தாங்கன்னு."

இதோ கேட்கப் போகிறாள் என்று ஜெயம்மாள் நினைத்தாள். ஏன் விட்டுவிட்டு ஓடினாய், உனக்கும் ஒரு பொண்ணு இருக்கிறாளே என்று கேட்கப் போகிறாள்.

"ஒங்க பொண்ணு கெடச்சாளா?" என்று கேட்டாள் ருக்ஷானா.

ஜெயம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அதே நெனப்புங்க. வாணி வாணின்னு கத்திக்கினு ஓடுனீங்க. அப்புறம் எனக்கு மயக்கம் வந்துடுச்சு. கண்ணு முழிச்சதும் நர்சுகிட்டக்கூடக் கேட்டேன், வாணின்னு யாராச்சும் இங்க வந்தாங்களான்னு. யாருக்கும் தெரியல."

கோகிலவாணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அந்தப் பெண்ணிடம் முதலில் போனதும், விட்டுவிட்டு வந்ததும் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பார்வையை ஜெயம்மாளால் தாங்க முடியவில்லை. ஆனால் கோகிலவாணி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், கட்டிலருகே போய், "நான்தான் வாணி. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

"நீங்கதானா அது!" ருக்ஷானா அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள், கூடவே அழுதாள். "என்னத் தூக்கிக்கினு வந்ததே நீங்கதானே. பாருங்கத்தா, இவங்கதான் அந்த வாணியாம்."

"எல்லாம் அல்லாவோட கருண" என்றார் சாதுல்லா. "ஒரு புள்ளையையாவது காப்பாத்திக் குடுத்தானே. இந்தப் பாழாப்போன பனி..."

"பனி இல்ல பாய்."

சொன்னது தான்தான் என்று ஜெயம்மாளுக்கே பிறகுதான் உறைத்தது.

"இன்னாம்மா?"

"அது பனி இல்ல பாய், பொக. ரோட்டோரத்துல செல்லமுத்து கொல்லையில சோகை கொளுத்தின பொக. வச்சது நான்தான்." வலது கையை நீட்டிக் காட்டினாள், அந்தக் கையைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறவள் போல. "எந்நெருப்பு யாரையும் தொட்டதில்லன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். நாந்தான் ஒங்க பொண்ணு கால எடுத்தவ."

சாதுல்லா பாய் அவளையும், அவள் கையையும், போர்வையின் தட்டையான பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பனின்னுதானேம்மா எல்லாரும் சொன்னாங்க" என்றார். "பேப்பர்லகூட பனின்னுதானே..."

ருக்ஷானா அழுவதை நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போல, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"நான் கீழ கெடந்தப்ப, அது ஒங்க பொகன்னு அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியிருப்பாள்.

"தெரியும்மா" என்றாள் ஜெயம்மாள்.

"தெரிஞ்சுதான் முந்தானைய உருவிக்கினு போனீங்களா?"

"ஆமாம்மா."

ருக்ஷானா கோகிலவாணியின் கையை விட்டாள். உதறவில்லை. பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தன் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாதுல்லா பாய் எழுந்தார். யாரையும் பார்க்காமல், ஜெயம்மாளுக்கு என்று ஊற்றி வைத்த டீயை எடுத்துக்கொண்டு போய், கை கழுவும் இடத்தில் கொட்டினார்.